பேச்சற்ற மந்திரம்: ‘லெகோ ஹரி பொட்டர்’ விளையாட்டுப் பற்றிய ஒரு நோக்கு

கலை இலக்கியத்தைச் சமூகத் தளத்தில் வைத்து நோக்கும் திறனாய்வு மரபு ஈழத்தில் ஆழ வேரூன்றியதொன்று. எனினும் அம்மரபு சிறுவர் விளையாட்டுக்களைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. மேனாட்டுப் பெருநிறுவனத்தின் உற்பத்தி என்றதும் ‘நுகர்வுப் பண்பாடு’ என்ற ஒரு சொல்லால் தீர்ப்பளித்துவிட்டு அப்பாற் செல்வது எமக்கு எளிதாயிற்று. தீர்ப்புத் தவறென்பதன்று, ஆராயாது வழங்கப்படுவதே குறை.

2001 முதல் 2011 வரை எட்டுப் பகுதிகளாக வெளிவந்த ஹரி பொட்டர் திரைப்படங்களைத் தழுவி, இங்கிலாந்தின் ட்ரவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் ஆக்கிய இரு ‘லெகோ’ விளையாட்டுக்கள் 2010இலும் 2011இலும் வெளியாயின. 2016இல் ஒரே தொகுப்பாக மீண்டும் வந்தன. வவுனியா வடக்கில், ஏ-9 வீதியோரமாக அமைந்த புளியங்குளத்தில், வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்ற பொறியொன்றில் அத்தொகுப்பைப் பிள்ளைகளோடிருந்து ஆடிப்பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது.

முதலில் கருத்தை ஈர்ப்பது இதன் பேச்சின்மையே. படத்தின் உரையாடல்கள் யாவும் இங்கு முணுமுணுப்பாகவும் சைகையாகவும் சுருங்கிவிடுகின்றன. வழிதெரியாது திகைப்போர்க்கும் நீண்ட அறிவுறுத்தல் இல்லை. தலை அரைகுறையாக அறுபட்ட ஆவியொன்று முன்னே மிதந்து, வில்லைகளாற் பாதைகாட்டிச் செல்கின்றது. ஆங்கிலம் அறியாப் பிள்ளையும் ஆங்கிலம் அறிந்த பிள்ளையும் இத்தால் ஒரே தளத்தில் நிறுத்தப்படுகின்றனர். ஆயின், கதையை முன்னரே அறியாதவனுக்கு இம்முணுமுணுப்பு வெறும் ஓசையே. அவையோர் கதையறிந்தவர் என்ற எடுகோளிலேயே எமது கூத்தும் நிகழ்கின்றது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைக் காணச் செல்பவர் எவரும் கோவலன் முடிவை அறியச் செல்வதில்லை. வேறுபாடு யாதெனில், கூத்தில் அறிந்த கதைக்குப் பாட்டும் வசனமும் உயிரூட்டுகின்றன. இங்கு அவ்விடம் வெறிதாய்க் கிடக்கின்றது.

அவ்வெற்றிடத்தைப் பிள்ளைகள் நிரப்பிய விதமே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோல். திரையில் ஹக்ரிட் என்னும் பேருருவினன் ஏதோ உறும, “அங்கால போகாத, நில்லடா” என்று ஒரு சிறுமி அவனுக்காக வன்னித் தமிழில் வாய்திறந்தாள். தம்பி மறுமொழி சொன்னான். இருவர் ஒருங்கே ஆடலாம்; விரும்பியபோது ஒருவர் விலகலாம், மீளச் சேரலாம் என்ற அமைப்பு இவ்வுரையாடலுக்கு இடமளித்தது. காத்தவராயன் கூத்தில் ஒரே காத்தவராயனைப் பலர் மாறி மாறி ஆடுவதைக் கண்டு வளர்ந்தோர்க்குப் பாத்திரத்தை இவ்வாறு கைமாற்றுவது புதிதன்று.

இனி, ஆக்கத்தின் உள்ளமைப்பை நோக்குவோம். மேசை, கதிரை, விளக்கு, செடி என எதிர்ப்படுவன பெரும்பாலும் உடைக்கத் தக்கன. உடைந்தவுடன் வில்லைகள் சிதறுகின்றன: வெள்ளிக்குப் 10, பொன்னுக்கு 100, நீலத்துக்கு 1,000, ஊதாவுக்கு 10,000. பாத்திரம் தன் நான்கு இதயங்களையும் இழந்தால் துண்டுகளாகி விழுகின்றது. சில வில்லைகள் கழிய, மறுகணமே எழுந்துவிடுகின்றது. சாவு இங்கு சிறியதொரு தண்டப்பணம்.

1997 மே மாதம் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ படைநடவடிக்கையின்போது கடுஞ்சமர் நிகழ்ந்த ஊர் புளியங்குளம். பாதை 2002இல் திறந்தது. பின்னர் மீண்டும் போர், மீண்டும் இடப்பெயர்வு. 2009இன் பின்னரே மக்கள் காடுமண்டிய காணிகளுக்குத் திரும்பினர். புகையிரதம் கிளிநொச்சியை மீள அடைந்தது 2013இலே. வீடு உடைதல் என்பதை வாழ்ந்தறிந்த முதியோர் இவ்விளையாட்டைக் கண்டு முகஞ்சுளிப்பின் அதனைப் பழமைவாதம் என்று ஒதுக்கலாகாது. ஆயினும் உடைத்தல் என்ற செயலிற் குற்றங்காண யாம் ஒருப்படோம். மணல்வீடு கட்டிச் சிதைப்பது எல்லாக் காலத்துப் பிள்ளைகளுக்கும் உரியது. மணல்வீட்டைச் சிதைத்தவனுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. இங்கோ அழிவு ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் விலை கிடைக்கின்றது. எமது மறுப்பு இவ்விடத்தது.

இதனினும் நுண்ணிய குறையொன்று உண்டு. 1958இல் டென்மார்க்கில் இன்றைய வடிவைப் பெற்ற லெகோக் கட்டையின் பெருமை, பிள்ளையின் கை அதனைப் பொருத்துகின்றது என்பதே. 2006இல் வந்த ‘லெகோ ஸ்டார் வோர்ஸ் II’ விளையாட்டிற்கூடப் பாத்திரம் நின்று கையாற் பொருத்துவதாகக் காட்டப்பட்டது. ஹரி பொட்டரிலோ பல இடங்களில் மந்திரக்கோலை நீட்டியதும் துண்டுகள் தாமே பறந்து பொருந்துகின்றன. உழைப்பு மறைந்து விளைபொருள் மட்டும் தோன்றுகின்றது. (எமது புராணத்தில் இறைவனே பிட்டுக்கு மண்சுமந்து பிரம்படியும் பட்டான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.) கூரைத் தகட்டையும் சீமெந்துக் கல்லையும் தலையிற் சுமந்து வீட்டை மீளக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இக்காட்சியைக் காண்கின்றனர் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நன்மை தீமை பற்றிய படத்தின் நிலைப்பாடும் கடைத்தெருவிற் கரைந்துபோகின்றது. சில பொருள்களைத் தீய மந்திரவாதியாலன்றி இயக்க இயலாது. எனவே ஆட்டத்தை முற்றாக நிறைவுசெய்ய விழைபவர், சேர்த்த வில்லைகளைக் கொடுத்துத் தீயோனையும் விலைக்கு வாங்கியேயாக வேண்டும். நாயகனுக்கும் பகைவனுக்கும் ஒரே பட்டியல், விலைதான் வேறு.

இத்தனைக்கும் பின், இதனைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டுமோ எனின், வேண்டாமென்பேம். 2012இல் வெளிவந்த ‘லெகோ பட்மன் 2’ முதற்கொண்டு இவ்வரிசைப் பாத்திரங்கள் பேசத் தொடங்கின; அதே ஆண்டின் ‘லோர்ட் ஒவ் த ரிங்ஸ்’ தழுவலில் திரைப்படத்தின் ஆங்கில உரையாடலே ஒலித்தது. தொழில்நுட்ப நோக்கில் இது வளர்ச்சி. அதே புளியங்குளத்து வீட்டில் அவ்விளையாட்டு ஓடியபோது பிள்ளைகள் இருவரும் திறமையாகவே ஆடினர். ஆனால் பாத்திரங்களுக்காக எவரும் வாய்திறக்கவில்லை.