வெட்டவெளியில் ஒளிய இடமில்லாதவர்கள்

இளையோருக்கான உளவியல் திகில் நாவல் என்றொரு தனி வகை தமிழில் இன்னும் வேரூன்றவில்லை. ஆனாலும் இளம் வயதில் கொடுமைக்கு ஆளாகி அதை மனசுக்குள் சுமந்து திரிவோரின் கதை, சேலம் நாமக்கல் சமவெளியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகனுடையது. பெரியவர்களுக்கான இலக்கியம் என்றே இவற்றை ஒதுக்கிவிட்டோம். பதினாறு வயதில் படிக்க வேண்டியவை இவை.

நிழல்முற்றம் (1993) சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களைப் பற்றியது. கூளமாதாரி (2000) இன்னும் ஆழமானது. அருந்ததியர் சிறுவன் கூளையன் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்டவன். பண்ணையக்காரர் மகன் செல்வன் அவனுக்கு விளையாட்டுத் தோழன். நினைத்த கணத்தில் எஜமானாகவும் மாறக்கூடியவன். அந்தக் கணம் எப்போது வரும் என்ற பதைப்பு பக்கத்துக்குப் பக்கம் கூடுகிறது. நீச்சலடித்துக் களிக்கும் கிணறே கடைசியில் பயங்கரமாகிறது.

முழுமையான திகில் நாவல் என்றால் அது பூக்குழிதான் (2013). சோடாக்கடையில் வேலை பார்க்கும் குமரேசன், காதலித்து மணந்த சரோஜாவைத் தன் ஊரான காட்டுப்பட்டிக்கு அழைத்து வருகிறான். ஊருக்கு ஒதுக்கமாகப் பாறைமேல் ஒரு வீடு, சுட்டெரிக்கும் வெயில், வாய் ஓயாத மாமியார் மாராயி. இருட்டோ பேயோ தேவைப்படவில்லை. வந்து எட்டிப் பார்த்து ‘என்ன சாதி?’ என்று கேட்கும் உறவுக்காரர்களே போதும். சரோஜாவின் சாதியை நாவல் கடைசிவரை சொல்வதில்லை. வாசகர் அதைத் துருவத் தொடங்கும்போது ஊரோடு சேர்ந்துகொள்கிறார். இந்நாவலின் நுட்பங்களில் என்னை மிகவும் உலுக்கியது இது. முடிவில் சரோஜா ஒளிந்திருக்கும் முட்புதரை நோக்கித் தீ வருகிறது. பிழைத்தாளா என்று தெரியாமலே கதை நின்றுவிடுகிறது.

அந்நூல், அது வெளிவந்த ஆண்டிலேயே ஜூலை 4 அன்று தருமபுரியில் தண்டவாளத்தருகே இறந்து கிடந்த, சாதி மறுத்து மணந்த இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 2015 ஜூன் 23 அன்று, வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே அவர் உடலும் தண்டவாளத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இவ்வழக்கில் பிறழ்சாட்சிகளும் உண்டு. ஒருவர் ஏன் வாய்மூடுகிறார், மூடிய வாயோடு பிறகு எப்படி வாழ்கிறார் என்பதைப் புனைவுதான் உள்ளே போய்ப் பார்க்க முடியும்.

நம் நாவல்கள் தயங்குவது அங்கேதான். வன்முறை நெருங்கி வருவதை அபாரமாக எழுதுகிறோம்; அதற்கு அடுத்த நாளை அரிதாகவே எழுதுகிறோம். அமெரிக்காவில் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999), பாலியல் வன்முறைக்குப் பின் பேச்சற்றுப்போன மாணவியின் பள்ளி ஆண்டை முழுதாகப் பின்தொடர்கிறது. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் கொரில்லாவில் (2001), சிறுவயதில் இயக்கத்துக்குப் போனவன் பாரீசில் தஞ்சம் கேட்டுத் தன் கதையையே மனுவாக எழுத வேண்டியிருக்கிறது.

நம் சமவெளியில் அந்த ‘அடுத்த நாளை’ விரிவாகத் தொட்டது பெருமாள்முருகனின் ஆலவாயன் (2014). கணவன் காளி தூக்கிட்டுக்கொண்டபின் பொன்னா வாழும் நாட்களை அது சொல்கிறது. தாயும் மாமியாரும் இரவில் அவளை விட்டு அகலாமல் காவல் இருக்கிறார்கள். அவளும் காட்டு வேலைக்கு மெல்லத் திரும்புகிறாள். பொன்னா மணமாகிப் பல்லாண்டு ஆனவள். பதினேழு வயதில் பிழைத்து வந்த ஒரு சரோஜாவுக்கு, ஒரு கூளையனுக்கு, அப்படியொரு நாவல் இங்கே எழுதப்பட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தானாக எடுத்துப் படிக்கும் நடையில், நாமக்கல் பேச்சிலேயே அது வர வேண்டும்.