சாம்பல் நிறத்துக்குள் எத்தனை நிறம்!

சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை ஒன்று கையில் கிடைத்தால், ஜன்னலோர வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். பழைய கம்பளியிலிருந்து நூற்றது என்றால் அதில் ஒரே சாம்பல் இருக்காது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஊடே ஒரு சிவப்பு இழை ஓடும். நீலம் ஒரு துளி, பச்சை ஒரு துளி தெரியும். எல்லாம் யாரோ உடுத்திக் கழித்த ஸ்வெட்டர், கோட்டுகளின் நிறங்கள்.

1813-ல் இங்கிலாந்தின் பாட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார். ‘ஷாடி’ என்று பெயர் பெற்ற அந்தத் தொழிலுக்கு இன்று இத்தாலியின் பிராட்டோவும் நம் ஹரியானாவின் பானிபட்டும் பேர்போனவை. வெளிநாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் உடுப்புகளில் ஜிப், பட்டன், உள்துணி எல்லாவற்றையும் பானிபட் பெண்கள் வெட்டி நீக்குகிறார்கள். பிறகு நிறவாரியாகக் குவிக்கிறார்கள். சிவப்புக் குவியலிலிருந்து சிவப்பு நூல். சாயத்தொட்டிக்கு வேலையே இல்லை. நிறம் பிரிக்கும் அந்தக் கண்களைத்தான் நான் இந்தத் தொழிலின் முதல் கலைஞர்கள் என்பேன்.

அடுத்து, தடவிப் பாருங்கள். கிழிபட்டதால் இழை குட்டையாகிவிடும். அதனால் நூல் தடித்திருக்கும், நுனிகள் துருத்திக்கொண்டு லேசாகக் குத்தும். சீக்கிரம் தேயவும் செய்யும். வலுவுக்காக நைலானோ பாலியெஸ்டரோ சேர்ப்பது அதனால்தான். ஆனால் சுருள் இழைகளுக்கிடையே தங்கும் காற்று அப்படியே இருக்கிறது, குளிரைத் தடுப்பது அதுதான்.

கம்பளிதானா என்று சந்தேகம் இருந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளியும் நம் தலைமுடியும் கெரட்டின் என்ற ஒரே புரதம். ஆகவே முடி கருகும் வாடை வரும், சுடரை விலக்கினால் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக இறுகும்.

வாங்கிய போர்வையை வெந்நீரில் அலசாதீர்கள். இழையின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் மெல்ல அலசி, முறுக்காமல், நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள்.