வரைபடத்தில் இல்லாத ஆடுகள்

மழையும் வெப்பமும் தாவரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது பாடப்புத்தக வாக்கியம். இதிலென்ன அரசியல் இருக்கு என்று தோழர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது.

முதலில் சூத்திரம். பாஞூல், கோசன் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் 1953இல் முன்வைத்தது: ஒரு மாதத்தின் மழை (மில்லிமீட்டரில்) சராசரி வெப்பத்தின் (செல்சியஸில்) இருமடங்கைவிடக் குறைந்தால் அது வறண்ட மாதம். 30 டிகிரி என்றால் 60 மி.மீ. வறண்ட மாதங்களை எண்ணிக் காட்டின் வகையை ஊகிக்கலாம். சூத்திரம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மரபில் ஒரு சுற்று இருக்கிறது. கொப்பென் தன் காலநிலை எல்லைகளைத் தாவரங்களை வைத்தே வகுத்தார். பிறகு அதே எல்லைகளைக் கொண்டு தாவரங்கள் விளக்கப்பட்டன. கேள்வியே விடையாக வேஷங்கட்டி வருகிறது.

சோழமண்டலக் கரையைப் பாருங்கள். ஆண்டுக்கு 1000, 1200 மி.மீ. மழை, நீண்ட வறட்சி. கணக்குப்படி இலையுதிர் காடு இருக்கணும். இருப்பதோ காயா, வீரை, உலக்கைப்பாலை எனப் பச்சை மாறாத மரங்கள். சாம்பியனும் சேத்தும் 1968இல் இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையே வைத்தார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை, கடற்காற்றின் ஈரம் என்று காரணம் சொல்லப்படுகிறது. சரி. ஆனால் அந்தக் காடு நன்றாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில்காடுகளில், அய்யனாருக்குப் பயந்து வெட்டாமல் விட்ட இடத்தில். பக்கத்துக் கொல்லைக்கும் அதே மழை, அதே வெயில்தான். வித்தியாசத்தை மழைமானி சொல்லாது.

எங்கள் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கரட்டில் காரை, சூரை, துரிஞ்சி. வனத்துறை மொழியில் இத்தகைய புதர்க்காடு 'சீரழிந்தது'. சீரழித்தது யார்? ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிற பொம்பளைங்க என்பதே தயார்நிலைப் பதில். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டார்கள். சென்னை மாகாணத்து எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் விறகு தின்றே ஓடின. 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காட்டை ஒதுக்கி வேலியிடும் அதிகாரம் அரசுக்குப் போனது. தின்றது எஞ்சின், பழி ஆட்டின்மேல்.

உடனே சிலர் திணைக் கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தொல்காப்பியம் மரத்தோடு தொழிலையும் பறையையும் கருப்பொருளில் வைத்தது, மனிதரை வெளியே தள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் இன்ன நிலத்துக்கு இன்ன தொழில் என்று அது தொழிலையும் மண்ணின் இயல்பாக்குகிறது. இதை அப்படியே சூழலியல் என்று கொண்டாடினால் நாளைக்குச் சாதியையும் சூழலியலாகப் படிக்க வேண்டிவரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது பாலை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையே பாலை என்கிறது சிலப்பதிகாரம். திரிக்கும் காரணம் வேனில். ஆனால் இளங்கோ அதற்குத் தரும் உவமை, அதிகாரிகளோடு சேர்ந்து முறை கோணிய அரசனின் நாடு. அந்த உவமையைக் காரணமாகப் படிப்பதுதான் இன்று நம் வாசிப்பு. தரிசு என்று ஒரு நிலத்தைக் குறித்த வரைபடம் நம் கைக்கு வரும்போது, இங்கே எவ்வளவு மழை என்பதோடு, இதை இப்படி ஆக்கியது யார், இனி இது யாருக்குப் போகப்போகிறது என்றும் கேட்க வேண்டும்.