அச்சுநூலும் அதன் அபிமானிகளும்

கணினித் திரையிலே நூல்களைத் தேடி வாசிக்கும் இக்காலத்திலும் அச்சுநூலின் கவர்ச்சி குன்றவில்லை. இதற்குக் காரணம் கூறப் புகுவோர் பெரும்பாலும் பழந்தாளின் வாசனையையும் அட்டையின் வனப்பையுமே பேசுகின்றனர். அலுமாரிக்குள் பூட்டிவைக்கப்பட்ட நூலுக்கும் இவ்வழகுகள் உண்டு. அது வாசிக்கப்படுகின்றதா என்ற வினாவை இவ்வபிமானிகள் எழுப்புவதில்லை.

1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்த 'மல்லிகை'யை நோக்குவோம். கையால் எழுத்துக் கோத்து அச்சிட்ட அச்சஞ்சிகையை அவர் தாமே சுமந்து சென்று விற்றார். வாங்கியவர் வாசித்தபின் அயலவருக்கு இரவல் கொடுத்தார். வாசிகசாலை மேசையிலே பலர் கைபட்டு அது கசங்கியது. அக்காலப் பிரதியொன்றை இன்று கையிலெடுப்போரை ஈர்ப்பது இவ்வுழைப்பும் உறவுமே என்பது என் துணிபு. வாசனை எந்தப் பழங்கடதாசிக்கும் உண்டு.

ஆயின் கடதாசி அழியும் பொருள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்மிய நூலகத்தில் பழைய 'மல்லிகை' இதழ்களை எவரும் இலவசமாக வாசிக்கலாம். இம்முயற்சியைக் கண்டு முகஞ்சுளிப்பவர் நம் வரலாற்றை மறந்தவரே.

எனினும் திரைநூல்கள் யாவும் இத்தகைய பொதுச்சொத்தல்ல. 2009இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஜோர்ஜ் ஓர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றின் பிரதிகளை வாசகரின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கிவிட்டது. அப்பிரதிகளை விற்பனைக்கு இட்டவருக்கு வெளியீட்டுரிமை இருக்கவில்லை என்பது காரணம், பணமும் திருப்பியளிக்கப்பட்டது. ஆனால், அச்சுப்பிரதியாயின் வீடு வீடாக ஆளனுப்பியல்லவா பறித்திருக்க வேண்டும்! வாங்கியவன் கையிலேயே தங்குவதும், எவரையும் கேளாமல் பிறருக்குக் கொடுக்கக்கூடியதுமான இப்பண்பே அச்சுநூலின் பலம்.

அப்பலமும் இறக்குமதிக் கடதாசியில் தங்கியுள்ளது. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கடதாசி கிடைக்காமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. 'தி ஐலண்ட்', 'திவயின' நாளிதழ்களின் அச்சுப்பதிப்புகளும் தடைப்பட்டன. கொப்பி வாங்க வழியின்றி நின்ற பெற்றோரைப் பற்றி, தாளின் வாசனையை வியந்தோர் எத்தனை வரிகள் எழுதினர்?