ஜேமி ரீடும் லிண்டரும்: பங்க் கலையின் கத்தரிப்பு

பங்க் இசையை ஒட்டி உருவான காட்சிக் கலையில் உலகம் அதிகம் அறிந்தது, 1977 மே மாதம் வெளிவந்த 'காட் சேவ் தி குயின்' இசைத்தட்டின் உறை. இதை உருவாக்கியவர் இங்கிலாந்துக் கலைஞர் ஜேமி ரீட் (1947–2023). எலிசபெத் ராணியின் புகைப்படத்தில் கண்களின் மீது பாடலின் பெயரையும், வாயின் மீது செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பெயரையும் ரீட் ஒட்டினார். ஆளைக் கடத்தியவர்கள் பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தைப் போல, எழுத்துகள் செய்தித்தாளிலிருந்து கத்தரித்தவையாகத் தெரிகின்றன. பாடலின் பெயரோ அன்றைய நாட்டுப்பண்ணின் பெயர். ராணி அரியணை ஏறிய 25-ஆம் ஆண்டைத் தெருத்தெருவாகக் கொண்டாடிய நாட்டில், ராணியே கண்ணும் வாயும் கட்டப்பட்ட பணயக்கைதியாகக் காட்சியளித்தார். கடத்தியவர் யார் என்பதைப் படம் சொல்வதில்லை. பிஸ்டல்ஸ் குழுவா, ராணியின் முகத்தை வைத்துக் கோப்பையும் தட்டும் விற்றவர்களா? இந்தத் தெளிவின்மைதான் படத்தின் பலம்.

பிபிசி பாடலை ஒலிபரப்ப மறுத்தது. ஆயினும் அது விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம்வரை சென்றது. அதே ஜூன் மாதம் குழுவின் பாடகர் ஜானி ராட்டன் லண்டனில் கத்தியால் தாக்கப்பட்டார். விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண்ணில் நடத்திய 'செடிஷனரீஸ்' கடை இதே படத்தைச் சட்டைகளில் அச்சிட்டு விற்றது. அலமாரியில் இருந்த படம் மனிதரின் மார்புக்கு வந்ததும் அதன் பொருள் மாறியது. அன்று அதை அணிந்து தெருவில் நடப்பது அடிவாங்கத் துணிவதாகும். பங்க் உடையைப் 'பாணி' என்ற சொல்லால் மட்டும் விளக்குவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

பங்க் கலை படிப்பற்ற இளைஞர்களின் கோபத்தில் திடீரென முளைத்தது என்ற கருத்து பாதி உண்மைகூட அல்ல. ரீடும் மெக்லாரனும் கிராய்டன் கலைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1968-இல் மாணவர் உள்ளிருப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்கள். 1970 முதல் ரீட் நண்பர்களுடன் 'சபர்பன் பிரஸ்' என்ற சிறு அச்சகத்தை நடத்தினார். கத்தரித்த எழுத்துகள் அங்கேயே வந்துவிட்டன. அச்செழுத்து வாங்கப் பணமில்லாத இடத்தில் பழைய செய்தித்தாள் கைகொடுத்தது. அதிகாரத்தின் படத்தை எடுத்து அதன் மீதே திருப்பிவிடும் உத்தி பிரெஞ்சு சிச்சுவேஷனிஸ்ட் குழுவினரிடமிருந்து வந்தது. இன்னும் பின்னால் போனால் பெர்லின் தாதாவாதிகளான ஹன்னா ஹோக்கும் ஜான் ஹார்ட்ஃபீல்டும் நிற்கிறார்கள்.

ரீடின் அளவுக்குப் பேசப்படாதவர் லிண்டர் ஸ்டெர்லிங். மான்செஸ்டரில் வரைகலை படித்த இவர், பஸ்காக்ஸ் குழுவின் 'ஆர்கஸம் அடிக்ட்' (1977) உறைக்கு ஒரு ஒட்டோவியம் தந்தார். ஆடையற்ற பெண்ணுடல், தலையின் இடத்தில் இஸ்திரிப்பெட்டி, மார்புக் காம்புகளின் இடத்தில் பல் தெரியச் சிரிக்கும் வாய்கள். உறையை வடிவமைத்தவர் மால்கம் காரெட். லிண்டர் ஆண்களுக்கான ஆபாச இதழ்களையும் பெண்களுக்கான குடும்ப இதழ்களையும் அருகருகே வைத்து, அறுவைக் கத்தியால் வெட்டினார். ஒன்று பெண்ணை உடலாகவும், மற்றொன்று வீட்டுச் சாமானாகவும் விற்பதை அவர் எந்த வாசகமும் இன்றிக் காட்டிவிட்டார்.

இருவரையும் ஒப்பிட்டால் லிண்டரின் படங்களே காலத்தைத் தாண்டி நிற்கின்றன. ரீடின் வெட்டு கிழிசலானது, அவசரமானது. பார்த்தவுடன் இன்னாருடையது என்று தெரியும். அதனாலேயே அதை நகலெடுப்பது எளிது. இன்று எந்தக் கணினியிலும் 'பணயக் கடித' எழுத்துரு கிடைக்கும். 2013-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் பங்க் உடைகளை உயர்ரக ஆடைகளோடு காட்சிக்கு வைத்தது. 2015-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் உறைப்படங்கள் பொறித்த கடன் அட்டைகளே வந்துவிட்டன. புனிதமான ஒன்றைத் தொட்டதால் வலிமை பெற்ற படம், புனிதம் தேய்ந்ததும் அலங்காரமாகிவிட்டது. இது ரீடின் தவறு என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் குறையை மறைக்கவும் முடியாது.

லிண்டரின் வெட்டோ நுட்பமானது, இணைப்பு தெரியாது. இஸ்திரிப்பெட்டி அந்தக் கழுத்தில் பிறவியிலேயே வளர்ந்ததுபோல இருக்கிறது. அதைச் சட்டையில் போட்டு விற்றாலும் சங்கடம் குறைவதில்லை, ஏனெனில் அது தாக்கும் வணிகம் இன்றும் நடக்கிறது. 1982 நவம்பரில் மான்செஸ்டரின் ஹசியண்டா அரங்கில் தன் 'லூடஸ்' குழுவுடன் பாடியபோது, லிண்டர் கோழி இறைச்சிக் கழிவுகளைத் தைத்த ஆடையை அணிந்திருந்தார். அந்த அரங்கில் ஆபாசப் படங்கள் சாதாரணமாக ஓடவிடப்பட்டதற்கான எதிர்ப்பு அது. 2010-இல் லேடி காகா இறைச்சி ஆடையில் தோன்றியபோது உலகமே பேசியது. அந்த ஆடை பதப்படுத்தப்பட்டு அருங்காட்சியகத்துக்கும் போனது. 28 ஆண்டுகளுக்கு முந்தைய மான்செஸ்டர் இரவை நினைவுகூர்ந்தவர்கள் சிலரே.