தீவகத்தில் காத்திருப்பும் திருவருளும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் கடவுளின் அருளுக்குக் காத்திருப்பது ‘நேர்த்தி’ வைப்பதில் தொடங்குகிறது. பிள்ளைப்பேறு, நோய் நீங்குதல், கடலுக்குப் போனவர் கரைசேர்தல் என வேண்டுதல் எதுவாயினும், வேண்டுபவர் முதலில் ஒரு வாக்குக் கொடுக்கிறார். நேர்த்தி வைத்த நாளுக்கும் அதைத் தீர்க்கும் நாளுக்கும் இடையில் விரதமும் விளக்கும் கோயில் நடையுமாக நாட்கள் கழிகின்றன. தெய்வம் கைவிடாது என்ற துணிவில் கொடுக்கப்படும் வாக்கு அது.

இவ்வழக்கின் ஆழ்ந்த வடிவம் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் கதையில் இருக்கிறது. அம்பாளுக்குப் பூக் கவ்விக் கடல் நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது. நாகம் கடலிடைக் கல்லொன்றைச் சுற்றிக்கொண்டது. எதிர்க்கல்லில் கருடன் காத்திருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகர் ஒருவர் நாகத்துக்காக இரந்தார். தம் செல்வத்தை அம்பாளுக்கு ஒப்புக்கொடுத்தே அவர் அதை மீட்டார். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் காட்டப்படுகின்றன. நாகம் வந்தவழி திரும்பவில்லை என்பதும், அம்பாளின் இரக்கம் யாரோ ஒரு வழிப்போக்கரின் மனத்தில் எழுந்தது என்பதும் கதையின் உயிர்நிலைகள். பிள்ளை வரம் வேண்டுவோர் இங்கு நாகப் பிரதிட்டை செய்கிறார்கள். 1620இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் 1788இல் மீண்டும் எழுந்தது என்கிறது தலவரலாறு. இடையில் ஐந்தாறு தலைமுறைகள் கோயிலின்றியே கும்பிட்டிருக்கின்றன.

அருள் தாமதிப்பதற்குச் சைவ சித்தாந்தம் காரணம் சொல்கிறது. உயிரைப் பற்றிய மலம் பரிபாகமடைந்த, அதாவது பக்குவப்பட்ட, பின்பே சத்திநிபாதம் என்னும் அருட்பதிவு. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவுக் கத்தோலிக்கர் காத்திருப்பை வேறு மொழியில், கடவுள் தம் உடன்படிக்கையை மறவார் என்ற மொழியில், பேசுகிறார்கள். நவநாளும் செபமாலையும் அதன் பயிற்சிகள். நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கும் கச்சதீவு 285 ஏக்கர் நிலம். குடிகளும் இல்லை, குடிநீரும் இல்லை. அங்குள்ள அந்தோனியார் கோயிலுக்குத் தவக்காலத்தை ஒட்டி இருகரைத் தமிழரும் கூடுவர். யாத்திரிகர் வரும் உரிமையை 1974ஆம் ஆண்டு இலங்கை–இந்திய உடன்பாடும் காத்தது. உள்நாட்டுப் போர் அந்த யாத்திரையை நிறுத்தியது. 2010இல் படகுகள் மறுபடி வந்தன. 2016 டிசம்பர் 23 அன்று புதிய கோயில் திறக்கப்பட்டது.

எல்லாக் காத்திருப்பும் இப்படி முடிவதில்லை. 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இளைஞர் வீடு திரும்பவில்லை. 2006 ஆகஸ்ட் 13 அன்று மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் ஆலயம் எறிகணைக்கு இலக்கானது. ஒரு வாரத்தில் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் காணாமற்போனார். இங்கே பக்குவம் பற்றிய விளக்கத்தை ஒரு தாயிடம் எடுத்துச் செல்ல முடியாது, செல்லவும் கூடாது. திருப்பாடல்கள் பலவற்றில் உள்ளபடி, கடவுளின் தாமதத்தைக் கடவுளிடமே முறையிடும் செபமே அவளுக்குப் பொருந்துகிறது. முறையிடுபவள் கேட்பவர் ஒருவர் உண்டென்று இன்னும் நம்புகிறாள். மகனுக்கு இறந்தோர் பூசை கேட்கவோ ஆட்டைத் திவசம் செய்யவோ அவள் இணங்குவதில்லை. செய்தால் அவன் இல்லை என்று தானே ஒப்பியதாகிவிடும். அவன் பெயரில் வைத்த நேர்த்தி தீராமல் இருக்கிறது.