கூர்மை எங்கே விழுகிறது?

ஒரு கபடிப் படத்தைக் கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது ரெய்டரின் கண்ணிமையை. இமைமுடி பிரிபிரியாகத் தெரிந்தால் படம் எடுத்தவர் தொழில் தெரிந்தவர். இமை மங்கி, பனியனில் உள்ள எண் மட்டும் பளிச்சென்று இருந்தால் அரைக்கிணறு தாண்டியிருக்கிறார். இரண்டுமே மங்கிப்போய், குறுக்கே பாய்ந்த கார்னர் ஆட்டக்காரரின் முதுகுத் தையல் எண்ணும்படி விழுந்திருந்தால், கேமரா பிழையில்லாமல் வேலை செய்திருக்கிறது. ஆனால் யாரைப் பிடிப்பது என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆட்டோஃபோகஸின் சுவையே இந்தச் சொல்லுதலில்தான் இருக்கிறது.

உள்ளரங்க வெளிச்சத்தில் கபடி எடுப்பவர் லென்ஸை முழுக்கத் திறந்துதான் வைத்தாக வேண்டும். முழு அளவுச் சென்சாரில், 200 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து, 8 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய கால் மீட்டர். ரெய்டர் ஒரு காலை நீட்டி போனஸ் கோட்டைத் தொடும்போதே அவர் முகம் அந்த ஆழத்தைக் கடந்துவிடும். ஓட்டப்பந்தயம் இன்னும் கொடுமை. உசேன் போல்ட் உச்ச வேகத்தில் நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் ஓடியவர். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில்கூட, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 60 செ.மீ. நெருங்கி வந்திருப்பார். 400 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, 20 மீட்டர் தூரம் என்றால் கூர்மை ஆழம் சுமார் 40 செ.மீ.தான். ஆள் இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் தோல்வி. வரப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும்.

கேமரா அதைத்தான் செய்கிறது. லென்ஸின் இரு ஓரங்கள் வழியாக வரும் ஒளியைத் தனித்தனியே பார்க்கிறது. இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து, ஃபோகஸ் முன்னே நகர வேண்டுமா பின்னே நகர வேண்டுமா, எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. அடுத்தடுத்த அளவீடுகளை வைத்து ஆளின் வேகத்தையும் கணித்து, ஷட்டர் திறக்கும் கணத்துக்கான இடத்தில் லென்ஸை முன்கூட்டியே நிறுத்துகிறது. உயரப் பந்தைப் பார்த்ததுமே அது விழும் இடத்துக்கு ஓடத் தொடங்கும் ஃபீல்டரின் கணக்கு இது.

முன்பு இந்தக் கணக்கு முழுவதும் மனிதர் விரலில் இருந்தது. 1965 மே 25 அன்று, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள லூயிஸ்டனில், குத்துச்சண்டையில் வீழ்ந்து கிடந்த லிஸ்டனுக்கு மேலே முகமது அலி கர்ஜித்து நின்றதை நீல் லைஃபர் ரோலிஃப்ளெக்ஸில் கையால் ஃபோகஸ் செய்துதான் எடுத்தார். கிரிக்கெட்டில் கிரீஸ் மீதும், தடை ஓட்டத்தில் தடைக்கட்டை மீதும் ஃபோகஸை நிறுத்திவிட்டு ஆள் வரும்வரை காத்திருப்பார்கள். 1985-இல் ஆட்டோஃபோகஸோடு மினோல்டா 7000 வந்தது; 1987-இல் கேனன் ஈஓஎஸ் வரிசை மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. ஆனால் இந்த எஸ்எல்ஆர் கேமராக்களில் கண்ணாடி மேலெழும் கணத்தில் ஃபோகஸ் உணரிக்கும் பார்வை போய்விடும். 2017-இல் வந்த சோனி ஏ9-இல் கண்ணாடியே இல்லை. படமெடுக்கும் சென்சாரே நொடிக்கு 60 தடவை வரை தூரத்தைக் கணக்கிட்டது. இன்றைய கேமராக்கள் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் கண்ணைக்கூடத் தேடிப் பிடிக்கின்றன.

இவ்வளவு வந்த பிறகு எடுப்பவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை ஆட்டம் தொடங்கும் முன்பே இருக்கிறது. முதலில், ஃபோகஸை ஒரு தடவை பிடித்துப் பூட்டும் முறையிலிருந்து தொடர் ஃபோகஸுக்கு மாற்ற வேண்டும். ஏஎஃப்-சி என்றும் ஏஐ சர்வோ என்றும் சொல்வது இதைத்தான். அடுத்தது பரப்பு. எல்லைக்கோட்டில் தனியாகப் பாயும் ஃபீல்டருக்குப் பின்னால் பச்சைப் புல் மட்டுமே இருப்பதால் அகன்ற பரப்பைக் கொடுக்கலாம். கபடியில் ஒரு ரெய்டரைச் சுற்றி ஏழு பேர். கேமராவின் முகமறியும் திறன் எட்டுப் பேரில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். அங்கே ஒற்றைப் புள்ளியை ரெய்டரின் முகத்தில் வைத்துத் தொடங்கி, அதன் பிறகே துரத்தும் வேலையைக் கேமராவிடம் விட வேண்டும்.

மூன்றாவதை நான் மிகவும் ரசிக்கிறேன். குறுக்கே ஒருவர் வந்தால் உடனே அவர்மேல் தாவுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று கேமராவுக்குச் சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது. கபடிக்குப் பொறுமையின் பக்கம் தள்ளிவைக்க வேண்டும். கார்னர் ஆட்டக்காரரின் முதுகு ஒரு கணம் மறைத்தாலும் ஃபோகஸ் ரெய்டரை விடாது. கால்பந்தில் பந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது ஃபோகஸும் கூடவே போக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். ஆட்டம் தெரியாதவர் இந்த அமைப்பைச் சரியாக வைக்கவே முடியாது. இந்த முடிவுகளைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள, ஃபோகஸுக்கென்று கேமராவின் பின்பக்கப் பொத்தானைப் பலர் ஒதுக்கிவைக்கிறார்கள்: கட்டைவிரல் யாரைத் துரத்துவது என்று முடிவுசெய்யும், ஆள்காட்டி விரல் எப்போது எடுப்பது என்று முடிவுசெய்யும்.

எல்லா மங்கலுக்கும் ஃபோகஸைக் குற்றம் சொல்லவும் முடியாது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 4 செ.மீ. நகர்ந்துவிடும். பந்தின் தையல் தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

மங்கலே அழகாகும் இடமும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில், 100 மீட்டர் அரையிறுதியில், போல்ட் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதை கேமரன் ஸ்பென்சர் எடுத்தார். மெதுவான ஷட்டர்; ஆள் ஓடும் திசையிலேயே கேமராவும் சுழன்றது. தடமும் கைகால்களும் கோடுகளாக ஓடுகின்றன. அந்த முகமும் சிரிப்பும் மட்டும் நின்று தெரிகின்றன. எது கூர்மையாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே எதை மங்கவிடலாம் என்பதும் தெரியும்.

நாளைக் காலை நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் திறக்கும்போது ஸ்கோரைப் படிக்கும் முன் படத்தில் கண்ணைத் தேடிப் பாருங்கள். கையில் கேமரா இருந்தால் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு அனுமதி கேட்டுப் போங்கள். முதல் பாதி ஆட்டத்தைப் படமெடுக்காமல் பாருங்கள். அமைப்புகளை இரண்டாம் பாதிக்கு முன் மாற்றிக்கொள்ளலாம்.